க்ரோம் கழுவு தண்ணீர்: சாயங்காலம் டெஸ்ட்டில் பூஜ்யம், காலையில் மறுபடி மஞ்சள். ஏன்?

ஜிக்_அம்பத்தூர் எழுதியது:

டூ வீலர் சைலன்சர், ஹேண்டில்பார், கிராஷ் கார்டு ஆகியவற்றுக்கு நிக்கல் க்ரோம் போடும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட். க்ரோம் தொட்டி 1,200 லிட்டர். க்ரோமிக் ஆசிட் லிட்டருக்கு 250 கிராம், சல்ஃப்யூரிக் 2.5 கிராம், சூடு 45 டிகிரி. க்ரோமுக்கு அப்புறம் வரும் கழுவு தண்ணீர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் தனித் தொட்டியில் சேர்கிறது. கழுவுவது போர் தண்ணீரில்.

இப்போது செய்வது: மஞ்சள் க்ரோமியத்தைப் பச்சையாக்க, சாயங்காலம் 300 கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் (மெட்டா) போட்டு அரை மணி கலக்குவது. பிறகு சுண்ணாம்புக் கரைசல் ஊற்றி பிஹெச் 10 வரை ஏற்றி, இரவு முழுக்க அடங்க விடுவது. ஆசிட் எதுவும் சேர்ப்பதில்லை. க்ரோமிக்கே ஆசிட்தானே என்ற எண்ணம். பிஹெச் பேப்பரில் பார்த்தால் 6-க்குப் பக்கத்தில் காட்டுகிறது.

குழப்பம் இதுதான். சுண்ணாம்பு போடுவதற்கு முன் டெஸ்ட் கிட்டில் பார்த்தால் ஹெக்ஸாவேலண்ட் (மஞ்சளான, விஷமான க்ரோமியம்) பூஜ்யம். காலையில் மேல் தண்ணீர் லேசாக மஞ்சளடிக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் லிட்டருக்கு 4 மில்லிகிராம். கிட் பொய் சொல்கிறதா, மெட்டா போலியா, இல்லை இரவோடு இரவாக க்ரோமியம் திரும்பி வருகிறதா?

இன்னொன்று. தொட்டிப் பக்கம் நிற்கும் ஆட்களுக்கு விரல் முட்டியில் குழி மாதிரி சின்னப் புண் வருகிறது. வலி இல்லை என்கிறார்கள். இதற்கும் க்ரோமுக்கும் சம்பந்தம் உண்டா?

---

நிக்கல்_நண்பன் எழுதியது:

மஞ்சள் மறுபடி வந்தால் காலையில் ரெண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பளிச்சென்று ஆகிவிடும். நிறைய இடத்தில் அப்படித்தான் ஓடுகிறது.

---

கழிவுநீர்_கணக்கு எழுதியது:

முதலில் மேலே உள்ள பதிலுக்கு: தயவுசெய்து பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அது ஆக்ஸிஜனேற்றி. பச்சையாக அடங்கிய டிரைவேலண்ட் க்ரோமியத்தை அது மறுபடி மஞ்சளான ஹெக்ஸாவேலண்ட்டாக மாற்றும், அதுவும் சுண்ணாம்பு போட்ட காரத் தண்ணீரில் இன்னும் சுலபமாக. அழுக்கு மறைந்து தண்ணீர் தெளிவாகத் தெரியலாம், விஷம் கூடியிருக்கும். சயனைடு கழுவு தண்ணீருக்குத்தான் ஹைப்போ குளோரைட்டும் பிளீச்சிங்கும். ஒரே ஷெட்டில் ஜிங்க் சயனைடு லைனும் க்ரோம் லைனும் இருக்கும் இடங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சயனைடு பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. க்ரோம் தண்ணீருக்கு ஆசிட் சேர்க்கப் போகிறோம். அந்தத் தொட்டிக்குள் சயனைடு லைனின் கழுவு தண்ணீர் ஒரு குழாய் வழியாகக்கூட வரக்கூடாது. ஆசிட்டும் சயனைடும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆளைச் சாய்க்க சில மூச்சு போதும். இரண்டுக்கும் தொட்டி, பம்ப், வாளி, ஹோஸ் எல்லாம் வேறு வேறாக இருக்கட்டும்.

இப்போது உங்கள் கணக்கு. தொட்டிக் கரைசலில் லிட்டருக்கு 250 கிராம் க்ரோமிக் என்றால் அதில் க்ரோமியம் உலோகம் மட்டும் 130 கிராம். சைலன்சரோடு ஒட்டி வந்து ஒரு நாளில் அரை லிட்டர் கரைசல் கழுவு தண்ணீரில் கலக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 1,000 லிட்டரில் 65 கிராம் க்ரோமியம், அதாவது லிட்டருக்கு 65 மில்லிகிராம். ஒரு கிராம் க்ரோமியத்தை மாற்றக் கணக்குப்படி 2.74 கிராம் மெட்டா வேண்டும். 65-ஐ 2.74-ஆல் பெருக்கினால் 178 கிராம். நீங்கள் 300 போடுகிறீர்கள். ஆக அளவில் குறையில்லை, மெட்டாவும் போலியில்லை. கோளாறு முழுக்க பிஹெச்சில்தான்.

மெட்டா க்ரோமியத்தை மாற்றும் வேகம் பிஹெச்சைப் பொறுத்தது. 2-லிருந்து 2.5-க்குள் இருந்தால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 4-ஐத் தாண்டினால் இழுத்துக்கொண்டே போகும். 6-ல் மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் சுண்ணாம்பு போட்டுப் பிஹெச்சை 10-க்கு ஏற்றினால் வேலை அங்கேயே நின்றுவிடும். மாறாத மஞ்சளும் செலவாகாத மெட்டாவும் ஒரே தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் சும்மா இருக்கும்.

க்ரோமிக்கே ஆசிட்தானே என்ற எண்ணம் நல்ல தண்ணீரில் சரி. டி.எம். (உப்பு நீக்கிய) தண்ணீரில் இதே அளவு க்ரோமிக் கலந்தால் பிஹெச் 3-க்குக் கீழே போயிருக்கும். சென்னைப் போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய. லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை இருந்தால் நீங்கள் ஒட்டி இழுத்துவரும் ஆசிட் எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டு மீதியும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் 6 காட்டுகிறது.

அடுத்து கிட் விஷயம். சாயங்காலம் பூஜ்யம், காலையில் மஞ்சள் என்ற புதிருக்கு விடை இங்கேதான். ஹெக்ஸாவேலண்ட்டுக்கு எல்லா கிட்டும் டைஃபினைல்கார்பஸைடு முறையே. அதில் முதல் படி சாம்பிளை ஆசிட்டாக்குவது. உங்கள் சாம்பிளில் மாறாத க்ரோமியமும் மெட்டாவும் சேர்ந்தே இருக்கின்றன. கிட்டின் ஆசிட் விழுந்த அடுத்த நொடி, தொட்டியில் நடக்காத வேலை டெஸ்ட் டியூபுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. ஊதா நிறம் வராது. கிட் காட்டும் பூஜ்யம் டியூபுக்குள் இருப்பதற்கு உண்மை, தொட்டியில் இருப்பதற்குப் பொய். இரவில் மிச்ச மெட்டா காற்றில் பட்டு சல்ஃபேட்டாகிவிடுகிறது, க்ரோமேட் அப்படியே நிற்கிறது. காலையில் காப்பாற்ற மெட்டா இல்லை, அதனால் கண்ணுக்கும் லேபுக்கும் தெரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். தொட்டி நிரம்பியதும் கலக்கியை ஓடவிட்டு, கன சல்ஃப்யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் ஊற்றுங்கள். உங்கள் 1,000 லிட்டருக்கு 300-லிருந்து 400 மில்லி பிடிக்கும் என்பது என் கணக்கு. ஆனால் மீட்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. பிஹெச் பேப்பரை இந்தத் தண்ணீரில் நம்ப வேண்டாம். மஞ்சள் நிறம் கண்ணை ஏமாற்றும், க்ரோமேட்டும் சல்ஃபைட்டும் பேப்பரின் சாயத்தையே வெளுக்கும். கண்ணாடி எலக்ட்ரோடு உள்ள சாதாரண மீட்டர் போதும், தினமும் 4 மற்றும் 7 பஃபரில் சரிபார்த்தால்.

பிஹெச் 2.5 வந்ததும் 200 கிராம் மெட்டாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மஞ்சள் போய் வெளிர் பச்சை வரும். வேலை நடக்க நடக்க ஆசிட் செலவாகிப் பிஹெச் மெல்ல ஏறும். 3-ஐத் தாண்டவிடாமல் இன்னும் கொஞ்சம் ஆசிட் சேர்க்க வேண்டியிருக்கும். ஓ.ஆர்.பி. மீட்டர் (ஆக்ஸிஜனேற்றும் திறனை மில்லிவோல்ட்டில் காட்டுவது) இருந்தால் 250-300 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியதும் முடிந்தது என்று அர்த்தம். மீட்டர் இல்லையென்றால் இன்னொரு 40, 50 கிராம் சேர்த்து, பிஹெச் 2.5-லேயே 30 நிமிடம் கலக்குங்கள். அந்த நிலையில் எடுக்கும் சாம்பிளில் கிட் பூஜ்யம் சொன்னால் அது நிஜப் பூஜ்யம், ஏனென்றால் தொட்டியே டெஸ்ட் டியூப் மாதிரி ஆசிட்டாக இருக்கிறது. 2-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். மெட்டாவெல்லாம் சல்ஃபர் டையாக்ஸைடாகப் பறக்கும். தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறி இருமல் வந்தால் ஆசிட் அதிகம் என்று பொருள்.

அப்புறம்தான் சுண்ணாம்பு. 10 வேண்டாம், 8-லிருந்து 8.5 போதும். க்ரோமியம் ஹைட்ராக்ஸைடு இரண்டு பக்கமும் கரையும் சரக்கு. பிஹெச் 9.5, 10 என்று போனால், முக்கியமாகக் காஸ்டிக் சோடாவில், அடங்கியது மறுபடி பச்சைத் தண்ணீராகக் கரையும். நீங்கள் 10 வரை போவது நிக்கலைப் பிடிக்க என்று நினைக்கிறேன். நிக்கலுக்கு 10-க்கு மேல் வேண்டும்தான். அதனால்தான் இரண்டு கழுவு தண்ணீரையும் சேர்க்காமல் தனித்தனியாக அடக்க வேண்டும். வெளியேறும் தண்ணீருக்கு விதி: ஹெக்ஸாவேலண்ட் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்த க்ரோமியம் 2, நிக்கல் 3.

சுண்ணாம்பே ஹெக்ஸாவேலண்ட்டை அடக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடக்காது. கால்சியம் க்ரோமேட் தண்ணீரில் தாராளமாகக் கரையும். மஞ்சளைப் பச்சையாக்காமல் எத்தனை மூட்டை சுண்ணாம்பு கொட்டினாலும் வெள்ளைச் சகதிக்கு மேல் மஞ்சள் தண்ணீர்தான் நிற்கும்.

---

ஜிக்_அம்பத்தூர் எழுதியது:

டெஸ்ட் டியூபுக்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது என்பது யோசிக்காத கோணம். நன்றி சார். இரண்டு சந்தேகம். ஒன்று, மெட்டா மூட்டையைத் திறந்து நாலு மாதம் ஆகிறது, கட்டி கட்டியாக இருக்கிறது, ஓடுமா? இரண்டு, ஆசிட் செலவைத் தவிர்க்க அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) போடலாம் என்கிறார்கள், சரியா?

---

கழிவுநீர்_கணக்கு எழுதியது:

கட்டி தட்டிய மெட்டாவில் பாதி சோடியம் சல்ஃபேட்டாகியிருக்கலாம். நம்ம ஊர் ஈரக்காற்றில் மூட்டையைத் திறந்து வைத்தால் அதுதான் கதி. நெடி குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். புது மூட்டையை இறுக்க மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, தரையிலிருந்து தள்ளி, ஆசிட் கேன்களிலிருந்தும் தள்ளி வையுங்கள். பழையதைக் கணக்குக்குப் பார்க்காமல் ஓ.ஆர்.பி. இறங்கும் வரை போட்டுத் தீர்க்கலாம்.

அன்னபேதி வேலை செய்யும். அதன் பெருமையே பிஹெச் 7, 8-லும் மஞ்சளை மாற்றும் என்பதுதான். ஆனால் ஒரு கிராம் க்ரோமியத்துக்கு 16 கிராம் வேண்டும். உங்கள் 65 கிராமுக்கு ஒரு கிலோவுக்கு மேல். அதோடு இரும்பும் சேர்ந்து அடங்குவதால் சகதி பல மடங்கு. இந்தச் சகதி அபாயக் கழிவு. 2016 விதிப்படி 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக்கூடாது, மேனிஃபெஸ்ட் (கழிவு அனுப்பும் சீட்டு) போட்டு கும்மிடிப்பூண்டி மாதிரி அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போக வேண்டும். எடைக்குத்தான் பணம். ஆசிட்டில் மிச்சம் பிடிப்பது சகதி வண்டியில் போய்விடும். அவசரத்துக்கு, கொட்டிய இடத்துக்கு, தரைக்கு அன்னபேதி வைத்துக்கொள்ளுங்கள். தினசரிக்கு மெட்டா.

சகதியை வெயிலில் காய வைப்பது சரி. அடுப்பில், பாய்லர் சூட்டில் காய்ச்சாதீர்கள். சுண்ணாம்பும் காற்றும் சூடும் சேர்ந்தால் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி மஞ்சளாகும்.

---

ஆவாரம்பட்டை எழுதியது:

பச்சை மஞ்சளாவதும் மஞ்சள் பச்சையாவதும்தான் இந்த உலோகத்தின் முழுக் கதையும். 1797-ல் வோக்லான் என்ற பிரெஞ்சுக்காரர் சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனிமத்தில் இதைக் கண்டுபிடித்தபோது, சேர்மங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருந்ததால்தான் கிரேக்கத்தில் நிறம் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். முதல் பெரிய வியாபாரமும் நிறம்தான்: லெட் க்ரோமேட் என்ற மஞ்சள் பெயிண்ட். மஞ்சள்தூளில் கலப்படம் என்று பிடிபடுவதும் இதேதான், ஈயமும் ஹெக்ஸாவேலண்ட் க்ரோமியமும் ஒரே பொடியில்.

மெட்ராஸுக்கு இது வந்த வழி தோல். அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் வாரக்கணக்கில் ஊறவைத்த தோலை க்ரோமில் ஒன்றிரண்டு நாளில் பதப்படுத்தலாம். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-ல் காப்புரிமை வாங்கிய முறை இரண்டு தொட்டி முறை. முதல் தொட்டியில் டைக்ரோமேட்டும் ஆசிட்டும், தோல் எலுமிச்சை மஞ்சளாக வெளியே வரும். இரண்டாவதில் ஹைப்போவும் (சோடியம் தயோசல்ஃபேட்) ஆசிட்டும். தோலின் நாருக்குள்ளேயே மஞ்சள் க்ரோமியம் பச்சையாக மாறி நாரைப் பிணைத்துக்கொள்ளும், தோல் நீலப்பச்சையாகும். கேள்வி கேட்டவர் தினமும் சாயங்காலம் தொட்டியில் செய்ய முயல்வது இதே வேலைதான், மெட்டாவுக்குப் பதில் ஹைப்போ. மஞ்சள் தோலை வெறுங்கையால் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய ஆட்களின் விரல்களில் வந்த குழிப்புண்ணுக்கு க்ரோம் ஹோல் என்றே பெயர் விழுந்தது. 1893-ல் மார்ட்டின் டென்னிஸின் ஒற்றைத் தொட்டி முறை வந்தது. அதில் டைக்ரோமேட்டை முன்கூட்டியே பச்சையாக்கி, பேசிக் க்ரோமியம் சல்ஃபேட்டாகத்தான் தோலில் போடுவார்கள். அதோடு தோல் தொழிலாளியின் கைக்கு இருந்த ஆபத்து பெருமளவு டைக்ரோமேட் தயாரிக்கும் ஆலைக்கு இடம் மாறியது.

மெட்ராஸில் 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் கலைப்பள்ளியில் க்ரோம் பதனிடலை முயன்று பார்த்தார். பிறகு சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குத் தெற்கே க்ரோம் லெதர் கம்பெனியை வைத்தார். குரோம்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஒரு வேதிப்பொருளின் பெயரில் ரயில் நிலையம் உள்ள ஊர்கள் எத்தனை இருக்கும்? டிக்கெட் எடுக்கும் யாருக்கும் அது தோன்றுவதுமில்லை.

இடம் மாறிய ஆபத்துக்கு ராணிப்பேட்டை சாட்சி. அங்கே தோலுக்கு வேண்டிய டைக்ரோமேட் தயாரித்த ஆலை 1990-களில் மூடியபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் க்ரோமியக் கழிவு வளாகத்திலேயே குவியலாக நின்றது. க்ரோமைட் தாதுவை சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துச் சூளையில் வறுத்தால்தான் டைக்ரோமேட் கிடைக்கும். மிச்சக் கசடில் ஹெக்ஸாவேலண்ட் இன்னும் இருக்கும், மழைக்கு மழை மஞ்சளாகக் கசியும். முந்தைய பதிலில் சொன்ன சுண்ணாம்பு, காற்று, சூடு சங்கதியைத்தான் அங்கே வேண்டுமென்றே செய்தார்கள். சென்னைக்கு மேற்கே பாலாற்றுக் கரைத் தோல் ஆலைகளின் வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹிங்க்லியில் நடந்தது தோலும் இல்லை பிளேட்டிங்கும் இல்லை. எரிவாயு அழுத்த நிலையத்தின் கூலிங் டவரில் துருப்பிடிக்காமலிருக்க 1952-லிருந்து 1966 வரை ஹெக்ஸாவேலண்ட் க்ரோமியம் சேர்த்த தண்ணீரை லைனிங் இல்லாத குளத்தில் விட்டார்கள். நிலத்தடி நீரில் இறங்கியது. 1996-ல் 33 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம். பச்சை க்ரோமியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் தண்ணீரோடு நடந்து போகும். பிரச்சினை வேலிக்கு வெளியே வருவது அதனால்தான்.

---

ஷிஃப்ட்_சேஃப்டி எழுதியது:

கேள்வியின் இரண்டாவது பாதியை யாரும் தொடவில்லை. விரல் முட்டியில் வலியில்லாத குழி என்றால் அது மேலே சொன்ன க்ரோம் ஹோலாகத்தான் இருக்க வேண்டும். சின்னக் கீறல், நகக்கண், முட்டி மடிப்பு ஆகிய இடங்களில் க்ரோமிக் தங்கி உள்ளே அரிக்கும். ஓரம் தடித்து நடுவில் உளி வைத்துத் தோண்டியது மாதிரி இருக்கும். வலி இல்லாததுதான் இதன் ஆபத்து. ஆள் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். சட்டப்படி க்ரோம் புண் அறிவிக்க வேண்டிய நோய். மருத்துவரிடம் அனுப்புவதோடு முடியாது, இன்ஸ்பெக்டரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும்.

கையில் குழி இருந்தால் மூக்கையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு துவாரத்துக்கும் நடுவே உள்ள தடுப்பின் முன்பகுதியில் முதலில் பொருக்கு, லேசான ரத்தம், பிறகு ஓட்டை. அதுவும் வலிக்காது. க்ரோமிக் கையோடு மூக்கைத் துடைப்பது ஒரு காரணம், தொட்டியின் மேல் எழும் புகை பெரிய காரணம். புகை என்கிறோமே தவிர அது புகையில்லை, கரைசலின் துளிகள். க்ரோம் போடும்போது கரண்டில் 10-லிருந்து 20 சதவீதம்தான் உலோகமாகப் படிகிறது. மீதியெல்லாம் ஹைட்ரஜன் குமிழியாகி, மேலே வந்து வெடித்து, மஞ்சள் தூறலாகச் சிதறுகிறது. தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபையருக்குப் பக்கத்துச் சுவரில், ட்யூப்லைட் பட்டியில் மஞ்சள் படலம் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். அங்கே படிந்தால் நெஞ்சுக்குள்ளும் படிகிறது. ஹெக்ஸாவேலண்ட் க்ரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகமில்லை, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அமெரிக்காவில் 2006-லிருந்து வேலையிடக் காற்றுக்கு எல்லை ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்த அளவு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியவே தெரியாது.

மேஜை மின்விசிறி வைத்துப் புகையைத் தள்ளுவது ஷெட் முழுக்கப் பரப்பும் வேலை. தொட்டியின் விளிம்பிலேயே நீள வாய் வைத்து இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும், வெளியே போகுமுன் காற்றைத் தண்ணீரால் கழுவும் ஸ்க்ரப்பரும் வேண்டும். ஸ்க்ரப்பர் தண்ணீரும் மஞ்சள்தான், அதையும் தொட்டிக்கே திருப்பலாம். கரைசலின் மேல் இரண்டு அடுக்கு பிளாஸ்டிக் பந்து மிதக்கவிட்டால் தூறல் நன்றாகக் குறையும். ஜிக் (சாமானை மாட்டும் கொக்கிச் சட்டம்) இறக்கும் இடத்தில் பந்து விலகும் என்று சலிப்பார்கள், பரவாயில்லை. மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் திரவத்தையும் சேர்க்கலாம், ஆனால் வாங்கும்போது அதில் பி.எஃப்.ஓ.எஸ். என்ற மக்காத வேதிப்பொருள் இல்லையென்று பார்த்து வாங்குங்கள். அது 2009-லிருந்து, மக்காத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது.

கைக்கு நீளமான பி.வி.சி. அல்லது நியோப்ரீன் உறை. துணி உறையும் தோல் உறையும் க்ரோமிக்கை உறிஞ்சிக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். உறையின் உள்பக்கம் ஒரு முறை நனைந்தால் அதைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவது புண்ணுக்கு விதை. மூக்கில் வாஸ்லின் தடவும் பழக்கம் கெடுதல் இல்லை, ஆனால் எக்ஸாஸ்ட்டுக்குப் பதில் இல்லை. சாப்பாட்டுக்கு முன் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாம் சோறு பிசைவது கையால்.

ஃப்ளேக் க்ரோமிக், அதாவது செதிலாக வரும் க்ரோமிக் ஆசிட், பற்றி ஒன்று. அது கடும் ஆக்ஸிஜனேற்றி. கொட்டினால் பட்டறை வழக்கப்படி மரத்தூள், கந்தல் பஞ்சு, சாக்கு போட்டு ஒற்றாதீர்கள், தீப்பிடிக்கும். ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் பட்டால் சட்டென்று எரியும். மணல் போட்டு அள்ளி, தனி வாளியில் வைத்து, பிறகு கழிவுத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள்.

உடம்பில் தெறித்தால் உடையைக் கழற்றிவிட்டு ஷவருக்குக் கீழே குறைந்தது 15 நிமிடம். கண்ணென்றால் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு. முழங்கால் அளவுக்குத் தொட்டியில் வழுக்கி விழுந்தவர் நடந்து வருகிறார், பேசுகிறார் என்று வீட்டுக்கு அனுப்பவே கூடாது. வெந்த தோல் வழியாக க்ரோமியம் ரத்தத்தில் ஏறும். உடம்பில் பத்தில் ஒரு பங்கு வெந்தாலே சிறுநீரகம் நின்று உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. அழைத்துப் போகும்போது க்ரோமிக் ஆசிட், ஹெக்ஸாவேலண்ட் என்று எழுதிக் கொடுங்கள். வெறும் ஆசிட் என்று சொன்னால் டாக்டருக்குச் சிறுநீரகத்தைக் கவனிக்கத் தோன்றாது.

---

திருமுடிவாக்கம்_ரெக்டிஃபையர் எழுதியது:

எல்லோரும் தண்ணீரில் கலந்த பிறகு என்ன செய்வதென்றே பேசுகிறீர்கள். கலக்கும் அளவைக் குறைத்தால் மெட்டாவும் ஆசிட்டும் சகதியும் சேர்ந்தே குறையும்.

ஜிக்கை எடுத்ததும் தொட்டிக்கு மேலேயே 15, 20 வினாடி தொங்கவிடுங்கள். சைலன்சர் மாதிரி குழாய்ச் சாமானில் வாய் கீழே பார்க்கும்படி ஜிக்கில் மாட்டினாலே உள்ளே தேங்கி வரும் கரைசல் பாதியாகும். அடுத்து, ஓடும் தண்ணீருக்கு முன்னால் ஓடாத ஒரு தொட்டி வையுங்கள். அதில் டி.எம். அல்லது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். க்ரோம் தொட்டி 45 டிகிரியில் தினமும் ஆவியாகிக் குறைகிறது அல்லவா, அந்தக் குறைவை இந்தத் தொட்டியின் மஞ்சள் தண்ணீரால் நிரப்பலாம். சாக்கடைக்குப் போக இருந்த க்ரோமிக் வீடு திரும்பும். போர் தண்ணீர் நிரப்பிவிட்டு அதைத் திருப்பினால் கதை கெடும், குளோரைடு ஏறும். குளோரைடு ஏறிய தொட்டியில் க்ரோம் படியாத உட்பக்கம் அரிக்கும், சல்ஃப்யூரிக் 100-க்கு 1 என்ற விகிதமும் ஆட்டம் காணும். ஜாமானில் பழுப்பும் மங்கலும் வர ஆரம்பித்தால் பலர் க்ரோமிக்கை இன்னும் கொட்டுவார்கள், கோளாறு தண்ணீரில் இருக்கும்.

அலங்காரப் பூச்சு மட்டும்தான் என்றால் டிரைவேலண்ட் தொட்டிக்கு மாறுவதையும் யோசிக்கலாம். மஞ்சள் தூறலே இருக்காது. நிறம் ஒரு துளி இருட்டாக வரும், தொட்டி அழுக்கைத் தாங்காது, இரும்பும் நிக்கலும் கொஞ்சம் கலந்தாலே முகம் சுளிக்கும். ஹைட்ராலிக் ராடுக்குப் போடும் கனமான ஹார்டு க்ரோமுக்கு இதை அப்படியே மாற்றாகச் சொல்ல மாட்டேன்.

---

ஜிக்_அம்பத்தூர் எழுதியது:

ஓடாத தொட்டிக்கு இடம் இருக்கிறது, செய்துவிடலாம். மூக்குப் பரிசோதனைக்கும் ஆட்களை அனுப்புகிறோம். கடைசியாக ஒன்று: தரை. சிமெண்ட் தரைதான். மழைக்காலத்தில் தொட்டியைச் சுற்றி மஞ்சள் பூத்து வருகிறது. தேய்த்துக் கழுவினால் போகிறது, பத்து நாளில் மறுபடி பூக்கிறது.

---

கழிவுநீர்_கணக்கு எழுதியது:

சிமெண்ட்டுக்குள் இறங்கிய க்ரோமேட் ஈரம் ஏறும்போது மேலே வந்து, ஈரம் காயும்போது பூக்கிறது. மேலே கழுவுவதால் தீராது. ஆசிட் ஊற்றினால் சிமெண்ட்டே கரையும். இங்கேதான் அன்னபேதி. 100 லிட்டர் தண்ணீரில் 5 கிலோ கரைத்து, தரையை நனைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். சிமெண்ட்டின் காரத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். மஞ்சள் போய்த் துருக்கறை வரும், அது பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை. கழுவிய தண்ணீரைக் கழிவுத் தொட்டிக்கே விடுங்கள். பூத்து வந்த பொடியைக் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், நனைத்துத் துடையுங்கள். இரண்டு மூன்று தடவை செய்த பிறகு பூப்பது நின்றால் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) லைனிங் போடுங்கள். நிற்காவிட்டால் மேலே லைனிங் போட்டு மூடுவதில் அர்த்தமில்லை, அடியில் தொட்டியே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். லெட் லைனிங், பி.வி.சி. லைனிங் எதுவாக இருந்தாலும் மூலை மடிப்பில்தான் முதலில் விடும்.

அம்பத்தூர் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியைச் சுற்றிக் கட்டும் தடுப்புச் சுவர் 1,200 லிட்டரும் அதற்கு மேல் பத்து சதவீதமும் பிடிக்க வேண்டும். சுவரின் உயரத்தை முடிவு செய்யும்போது 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து ஷெட்டில் கேட்டு, அதற்கும் மேலே கட்டுங்கள். ஃப்ளேக் டிரம்கள் அந்தக் கோட்டுக்கு மேலே ரேக்கில் இருக்கட்டும்.